கீழே விழுந்த ஊசி

எங்கள் பள்ளிக்கூடத்துப் பூவேலை டீச்சர் அல்போன்சாவுக்குப் பூவேலை தெரியுமா என்று அரசாங்கத்துக்கு எழுபத்தாறாம் வருஷம் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. என் மேலும் அதே சந்தேகம்தான். என்னைச் சந்தேகப்பட்டதில் நியாயம் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு என் மாமனார் ஓடு போட்டுக் கொடுத்தார். பதிலுக்கு மருமகளுக்குப் பூவேலை டீச்சர் வேலை போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஓடும் ஒழுகியது, நானும் சுமார்தான். ஆனால் அல்போன்சாவைச் சந்தேகப்படுவது, கடலைப் பார்த்து உனக்குக் கரிக்கத் தெரியுமா என்று கேட்கிற மாதிரி.

அவசர நிலைக் காலம் அது. ரயில் நேரத்துக்கு வந்தது. குமாஸ்தாக்கள் நாற்காலியில் இருந்தார்கள். நாற்காலியில் இருந்தால் சும்மா இருக்க முடியாதே, உத்தரவு மேல் உத்தரவாகப் போட்டார்கள். அதில் ஒன்று எங்கள் தலையில் விழுந்தது. எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்திருந்தாலும் சரி, டெக்னிகல் பரீட்சை சர்டிபிகேட் இல்லாத பூவேலை டீச்சர்கள் எல்லோரும் இந்த முறை எழுதித் தேற வேண்டும். தேறாதவர்களுக்கு அடுத்த ஜூனில் வேலை கிடையாது.

எனக்கு வேலை போனால் பெரிய மோசம் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் காசிலிங்கத்துக்கு மில்லர்புரத்தில் பலசரக்குக் கடை இருக்கிறது. போய்க் கல்லாவில் உட்கார்ந்து அவரை விரட்டலாம். அல்போன்சா கதை வேறு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மக்ரூன் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தாள். நாள் முழுக்க முட்டையும் சீனியும் மணக்கிற அறை. அங்கே அவள் நினைத்த நேரத்துக்குச் சாப்பிடுவாள், நினைத்த நேரத்துக்குத் தூங்குவாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாவிட்டாலும் கேட்க ஆள் இல்லை. வேலை போனால் புன்னைக்காயலில் தம்பி வீட்டுக்குத்தான் போக வேண்டும். தம்பி பெண்டாட்டி ஒரு மாதிரியான ஆள். விருந்துக்குப் போன அன்றே, "மதினிக்குக் கை சும்மாதானே இருக்கு" என்று கருவாட்டைப் புரட்டச் சொன்னவள்.

"அங்கன போயி அவ கையால சோறு வாங்கித் திங்கிறதுக்கு, நான் துறைமுகத்துல மூட்ட தூக்கப் போயிருவேன்," என்றாள் அல்போன்சா, உத்தரவு வந்த அன்று.

"மூட்ட தூக்கவும் இப்ப சர்டிபிகேட் கேக்கானாம்க்கா," என்றேன். முறைத்தாள். ஆனால் பயந்துவிட்டாள். அவள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

பரீட்சை நாசரேத்தில்.  பஸ்ஸில் அவள் மடியில் ஊசிப்பெட்டியை வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு மொய் கொண்டுபோகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலோரம் தூங்கிவிட்டேன்.

பரீட்சை ஹாலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பிள்ளைகூட இல்லை. அத்தனையும் எங்களை மாதிரி டீச்சர்கள். விளாத்திகுளம், ஏரல், திருச்செந்தூர் என்று சுற்றுவட்டாரத்தில் பூவேலை சொல்லிக்கொடுத்துத் தலை நரைத்த அத்தனை பேரும் மஞ்சள் பையோடு வந்திருந்தார்கள். டீச்சர்களை மட்டும் ஒரு அறையில் போட்டுப் பூட்டினால் என்ன ஆகும் என்று அரசாங்கம் யோசித்திருக்காது. ஒருத்தி எழுந்து பெஞ்சுகளை நேராக்கினாள். ஒருத்தி கரும்பலகையைத் துடைத்தாள். ஸ்ரீவைகுண்டத்துத் தங்கத்தாய் டீச்சர், "அங்கன யாரு பேசுதது?" என்று அதட்டினார். பேசியது அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர்; அவரும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மணி அடித்ததும் பியூன் ஆளுக்கு ஒரு வெள்ளைத் துணி கொடுத்தான், மூலையில் ரப்பர் முத்திரை குத்தியது. கேள்வித்தாளில் விஷயம் எளிதாகத்தான் இருந்தது. பூங்கொடி ஒன்று அவரவர் இஷ்டம்போல் பென்சிலால் வரைந்துகொள்ள வேண்டும். காம்பும் இலையும் பூவும் தனித்தனித் தையலில் வர வேண்டும். வரைந்தது அத்தனையும் மத்தியானம் ஒரு மணிக்குள் தைத்து முடிக்க வேண்டும். முடியாத வேலைக்கு மார்க் கிடையாது. கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தார்கள். பரீட்சை நடத்த வந்த பேபி மேடம் இன்னும் காப்பி குடித்துக்கொண்டிருப்பதாகப் பியூன் சொல்லிவிட்டு அவனும் போய்விட்டான்.

அந்த இடைவேளையில்தான் வினை வந்தது.

அல்போன்சாவுக்குக் கைராசி என்று எங்கள் ஜில்லா முழுக்கப் பேர். கல்யாணச் சேலையில் பூவேலை போடுகிறவர்கள் முதல் தையலை அவள் கையால் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு போவார்கள். அவள் தொடங்கிவைத்த சேலை எதுவும் கெட்டதில்லை. மாப்பிள்ளை கெட்டுப்போனது உண்டு, அதற்கு அவள் பொறுப்பில்லை. விளாத்திகுளத்துச் செல்லக்கிளி டீச்சர் துணியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக எழுந்து வந்தாள். ஆள் பருமன், குரலும் பருமன்.

"அக்கா, ஒரே ஒரு தையல் போட்டுத் தாங்க. எனக்கு வீட்டுக்காரரும் இல்ல, வெள்ளாமையும் இல்ல. இந்த வேல போச்சுன்னா நான் எங்க போவேன்?"

அல்போன்சா அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஜில்லிட்டிருந்ததாம். துணியை வாங்கி, காம்பின் அடியில் ஒரு தையல் போட்டுக் கொடுத்தாள். அவ்வளவுதான். கோயில் பிரசாதத்துக்கு நிற்கிற மாதிரி வரிசை பெஞ்சைச் சுற்றிக் கதவு வரைக்கும் போனது. அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு வந்தவர்கள், திருச்செந்தூர் விபூதியை முந்தானையில் முடிந்து வந்தவர்கள், சாமியே கிடையாது என்கிற தங்கத்தாய் டீச்சர் எல்லோரும் நின்றார்கள்.

"உங்க துணியில யாருக்கா முதல் தையல் போடுவா?" என்று செல்லக்கிளி கேட்டாள். தன் கைராசி தனக்கு உதவாது என்பது அல்போன்சாவின் நம்பிக்கை.

அல்போன்சா துணியை என்னிடம் நீட்டினாள். "நீ போடுளா."

ஹாலில் எல்லோருக்கும் பகீர் என்றது. என் கையின் ராசியும் ஜில்லா அறிந்ததுதான். என் கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கின மேஜை விரிப்பு ஒன்று, என் மூத்தவளுக்குக் கல்யாணமாகிப் பேறுகாலமும் ஆன பிறகும் ஒரு மூலை பாக்கி கிடந்தது.

"எக்கா, வேண்டாம். எங் கையப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியும்லா."

"உங் கைய விட எனக்கு வேற யார் கையும் வேண்டாம். போடு," என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. போட்டேன். கோணலாக விழுந்தது.

பேபி மேடம் உள்ளே வந்தார். ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடி, காதுக்குப் பின்னால் பென்சில். அவரும் பூவேலை டீச்சராக இருந்து பரீட்சை அதிகாரியானவர். வந்ததும் எல்லாத் துணியையும் திருப்பி வைக்கச் சொன்னார். பூவேலை தெரிந்தவர்கள் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை. முன்பக்கம் யார் வேண்டுமானாலும் சிங்காரித்துவிடலாம், பின்பக்கத்தில்தான் முடிச்சும் குப்பையும் தெரியும். முதல் துணியைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதில் நின்றுவிட்டார்.

"எல்லாத்துலயும் ஒரே கை தெரியுதே. இது யாரு தையல்?"

முடிச்சே போடாமல் நூலை அடக்கித் தொடங்குவது அல்போன்சாவின் வழக்கம். அது அவள் முகம் மாதிரி, மறைக்க முடியாது. நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். எங்கள் வகுப்பில் கண்ணாடி உடைந்தால் பிள்ளைகள் எப்படிக் குனிவார்களோ அதே மாதிரி. அல்போன்சா எழுந்து நின்றாள்.

"என் தையல்தான் மேடம். கேட்டாங்க, போட்டேன்."

"அடுத்தவங்க துணியில கை வைக்கது குத்தம்னு தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாரையும் வெளிய அனுப்பணும், தெரியுமா?"

 பேபி மேடம் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரையும் அனுப்பினால் ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக அறிக்கை எழுத வேண்டும். அவசர நிலையில் அறிக்கை எழுதினால் அதற்கு விளக்கம் கேட்டு இன்னொரு அறிக்கை வரும். பெருமூச்சு விட்டுவிட்டு, எல்லோரும் அந்த முதல் தையலைப் பிரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்றார்.

ஒருத்தியும் ஊசியை எடுக்கவில்லை.

"என்ன, பிரிங்களேன்."

"ராசிக்காரி போட்ட தையல நாங்க பிரிக்க மாட்டோம் மேடம்," என்றாள் செல்லக்கிளி. "கேன்சல் பண்ணாலும் பண்ணுங்க. கையால பிரிச்சா வேலயும் போயி வேறயும் போவும்."

தங்கத்தாய் டீச்சர் தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்றும், ஆனாலும் பிரிக்கப் போவதில்லை என்றும் சொன்னார். கடைசியில் போட்டவளே பிரித்தால் தோஷம் இல்லை என்று முடிவானது. அல்போன்சா பெஞ்சு பெஞ்சாகப் போய், துணியில் ஊசி குத்தின தடம்கூடத் தெரியாமல் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவள் பிரித்துக் கொடுக்கக் கொடுக்க வாங்கினவர்கள் அவசர அவசரமாகத் தைக்கத் தொடங்கினார்கள். நன்றி கெட்டவர்கள், நானும்தான். அவள் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது நான் காம்பு முழுவதும் முடித்திருந்தேன்.

பேபி மேடம் அவள் துணியை எடுத்துப் பார்த்தார். "இது என்ன, கோழி கிண்டுன மாதிரி?"

"அது என்னுது மேடம்," என்றேன். அதைப் பிரிக்க யாரும் ராசி பார்க்கவில்லை. பேபி மேடமே நகத்தால் இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நேரம் போய்விட்டது என்று தெரிந்தவள் சின்னதாக ஏதாவது வரைய வேண்டுமா இல்லையா? அல்போன்சா துணி நிறையக் கொடி வரைந்தாள். வளைந்து நெளிந்து, பூவும் மொட்டுமாக, இலை இலையாக.

"எக்கா, கிறுக்கு பிடிச்சிருக்கா? ரெண்டு பூ, நாலு எல, முடிச்சிட்டு வாங்க," என்று கிசுகிசுத்தேன்.

"இத்தினிக்கூண்டு வரஞ்சி குடுத்தா எங் கிளாஸ் பிள்ளைய சிரிக்கும்."

"உங்க பிள்ளைய எங்க இங்க இருக்கு?"

"பேசாத. தையி."

தைத்தாள். அவள் தைப்பதைப் பார்த்துக்கொண்டே எனக்கு இரண்டு தடவை விரலில் குத்திவிட்டது. வேகம்தான், ஆனால் அவசரம் இல்லை. ஒரு இதழை முடித்ததும் துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பாள். பாழாய்ப்போன பின்பக்கம். பிடிக்கவில்லை என்றால் பிரிப்பாள். ஒரு மணி நெருங்கியது. புன்னைக்காயலில் அந்தத் தம்பி பெண்டாட்டி கருவாட்டுப் பாயை விரித்துக்கொண்டு காத்திருப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

நான் மட்டும் இல்லை. எல்லோரும் அவள் பெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாங்கள் நின்ற வரிசையால்தான் அவள் பின்தங்கினாள் என்று ஒவ்வொருத்திக்கும் உறைத்துவிட்டது. தங்கத்தாய் டீச்சர் தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். இன்னொருத்தி தன் நம்பரைப் பேபி மேடம் வந்து ஒரு தடவை சரிபார்க்க வேண்டும் என்றாள். மற்றொருத்திக்குத் தலை சுற்றியது. எங்கள் பிள்ளைகள் இத்தனை வருஷமாக எங்களிடம் காட்டின வித்தை எல்லாம் அங்கே வெளியே வந்தது.

"இதெல்லாம் எங்கிட்ட வேண்டாம்," என்றார் பேபி மேடம். "நானும் டீச்சர்தான்."

மணி அடித்தது. அவர் துணிகளை வாங்க எழுந்து ஒரு எட்டு வைத்தார். அல்போன்சாவுக்கு ஒரு பூவும் மூன்று இலையும் பாக்கி.

"மேடம்," என்றாள் செல்லக்கிளி. "ஊசி கீழ விழுந்துட்டு."

பூவேலை வகுப்பில் இதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. ஊசி விழுந்துவிட்டால் அது கிடைக்கிற வரைக்கும் யாரும் கால் எடுத்து வைக்கக் கூடாது. காலில் ஏறிய ஊசி ரத்தத்தோடு போய் நெஞ்சில் குத்தும் என்று எல்லா டீச்சரும் எல்லாப் பிள்ளைக்கும் சொல்லுவோம். அப்படிச் செத்த ஒருத்தியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனால் சொல்லிச் சொல்லி அது எங்கள் எலும்பில் ஊறிவிட்டது. ஹாலில் அத்தனை பேரும் காலைத் தூக்கிப் பெஞ்சு மேல் வைத்துக்கொண்டார்கள். பேபி மேடம் தூக்கின காலைத் தூக்கினபடியே, ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றுவிட்டார்.

"எங்கன விழுந்துச்சு?"

"சத்தம் கேட்டுச்சு மேடம். எடம் தெரியல."

காந்தத்தை எடுத்தார்கள். ஒவ்வொருத்தி பெட்டியிலும் ஒரு காந்தம் இருந்தது. நூலில் கட்டித் தரையில் இறக்கி, தூண்டில் போடுகிறவர்கள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தால் அல்போன்சா தைக்கவில்லை. இரண்டு காலையும் பெஞ்சில் தூக்கி வைத்துக்கொண்டு, தையலைக் கீழே வைத்துவிட்டு, ஊசியைத் தேடிக்கொண்டிருந்தாள். எல்லோரையும்விட அக்கறையாக.

"எக்கா," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "தையிங்க."

"ஊசி கெடைக்கட்டும்ளா. யாரு காலுலயாவது ஏறிரும்."

"ஊசி விழல, சனியனே. தையி."

அக்காவை நான் அப்படிச் சொன்னது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள், செல்லக்கிளியைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் சிவந்துபோய், துணியை மாட்டியிருந்த ரிங்கை எடுத்துத் தைக்கத் தொடங்கினாள். பூ முடிந்தது. ஒரு இலை முடிந்தது. தங்கத்தாய் டீச்சர் ஊசியைக் கண்டுவிட்டதாகச் சொல்லி, பிறகு அது தென்னை ஈர்க்கு என்றார். இரண்டாவது இலை முடிகிற நேரத்தில் பேபி மேடம் கால் கடுத்துப்போய், கண்ணாடி வழியாகச் செல்லக்கிளியை நன்றாகப் பார்த்தார்.

"செல்லக்கிளி டீச்சர், உங்க தோள்ல பச்ச நூலோட தொங்குதே, அது என்ன?"

"அது வேற ஊசி மேடம்."

"விழுந்தது?"

"அத விடக் கொஞ்சம் சின்னது."

பேபி மேடம் காலைக் கீழே வைத்தார். நடந்து வந்து ஒவ்வொரு துணியாக வாங்கினார். என்னுடையதைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மற்றவற்றோடு வைத்தார், அதுவே பெரிது. அல்போன்சா நூலை அடக்கி, கத்தரித்து, ரிங்கைக் கழற்றி, துணியைத் தட்டி நேராக்கி இரண்டு கையாலும் கொடுத்தாள். கொடியின் நுனியில் ஒரு இலை பென்சில் கோடாகவே இருந்தது. வரைந்ததில் ஒன்று பாக்கி என்றால் அது முடியாத வேலைதான்.

பேபி மேடம் முதலில் பின்பக்கத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முன்பக்கம் திருப்பினார்.

"இந்த எல?"

"தைக்கல மேடம்."

"நேரம் பத்தலையா?"

"நேரம் இருந்துச்சு. ஊசி தேடுனதுல போச்சு."

எனக்கு அவள் கழுத்தை நெரிக்கலாமா என்று இருந்தது.

"உங்க பிள்ளைய இப்படிக் கொண்டு வந்து குடுத்தா என்ன போடுவிய?"

"சைபர்."

"கோட்ட அழிச்சிட்டுக் குடுத்தா?"

"அதுக்கும் சைபர்தான். வீட்டுக்கும் ஆள் விட்டுச் சொல்லுவேன்."

"நானும் அப்படித்தான்," என்றார் பேபி மேடம். எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். தன் பையைத் திறந்து அழி ரப்பரை எடுத்தார். துணியை மடியில் விரித்துக்கொண்டு அந்த இலையை அழிக்கத் தொடங்கினார்.

 தங்கத்தாய் டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், பரீட்சையில் தப்பு நடந்தால் பார்க்காத மாதிரி இருக்க அவருக்கு நல்ல பழக்கம். அல்போன்சாவின் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.  அவள் பேசாமல் நின்றிருந்தால் போதும்.

"மேடம்," என்றாள்.

"என்ன?"

"முன்னயும் பின்னயும் தேய்க்காதிய. துணி பிசிறிரும். ஒரு பக்கமாத்தான் தேய்க்கணும்."

செல்லக்கிளி தலையில் கை வைத்துக்கொண்டாள். பேபி மேடம் ரப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலாக அல்போன்சாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துணியை நேராக இழுத்து, இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த இலை இருந்த இடம் தெரியாமல் போகிறவரை ஒரு பக்கமாகவே தேய்த்தார்.